ரீஸ்டோர் செய்தபின் சில ஃபோல்டர்களுக்கு மட்டும் இன்றைய தேதி: எங்கே தவறு?

ஒளிச்சட்டம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் மச்சான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அங்கே இருக்கும் லினக்ஸ் பெட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் கடைசியில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருந்ததால் புது டிஸ்க்கில் குனு டார் (பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டவும் விரிக்கவும் உதவும் நிரல்; கட்டிய ஃபைலையும் டார் என்போம்) வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படம் ஒன்றுகூடக் குறையவில்லை. செக்சம் (உள்ளடக்கத்துக்குக் கைரேகை மாதிரியான எண்) போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி.

மறுநாள் காலையில் மச்சான் போன் செய்தார். "மாப்ளே, எந்த ஆல்பம் முடிஞ்சது, எது பாக்கின்னு தெரியலையே" என்கிறார். அவர் ஃபோல்டர்களைத் தேதிவாரியாக அடுக்கித்தான் வேலை பார்ப்பார். திருத்திய படத்தைப் போட்டதும் அந்த ஃபோல்டர் மேலே வரும். இப்போது 212 ஃபோல்டரில் 37 ஃபோல்டர் ரீஸ்டோர் செய்த நாளின் தேதியைக் காட்டுகிறது. மற்ற 175-ம் பழைய தேதியோடு ஒழுங்காக இருக்கிறது. உள்ளே இருக்கும் படங்களின் தேதி எல்லாவற்றிலும் சரி.

எல்லாமே தப்பாக இருந்தால் ஆப்ஷன் ஏதோ விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். 37 மட்டும் ஏன்? அதுதான் பிடிபடவில்லை.

கட்டளைவரி

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். ஃபோல்டரின் எம்டைம் என்பது அதற்குள் இருக்கும் பெயர்ப்பட்டியல் கடைசியாக மாறிய நேரம். ஒரு ஃபைல் புதிதாக வந்தால், அழிந்தால், பெயர் மாறினால் அது மாறும். இருக்கிற ஃபைலைத் திறந்து உள்ளே எழுதினால் மாறாது.

இப்போது ரீஸ்டோரை யோசித்துப் பாருங்கள். டார் முதலில் ஃபோல்டரை உருவாக்குகிறது. உடனே பழைய தேதியை அதற்குப் போட்டுவிட்டால், அடுத்து உள்ளே வைக்கும் முதல் படமே அந்தத் தேதியை அழித்து இன்றைய நேரமாக்கிவிடும். அதனால் தேதி போடும் வேலையை உள்ளே எல்லாம் வைத்து முடிக்கும் வரை தள்ளிப்போட வேண்டும். அனுமதிகளுக்கும் இதே கதைதான். எழுத அனுமதியில்லாத ஃபோல்டருக்கு அதை முதலிலேயே போட்டுவிட்டால் உள்ளே எதையும் வைக்க முடியாது.

குனு டார் இதைத் தெரிந்துதான் செய்கிறது. ஆனால் "முடிந்தது" என்பதை அது எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் சூட்சுமம். அடுத்து வரும் ஃபைலின் பாதை அந்த ஃபோல்டருக்குள் இல்லையென்றால், "சரி, இது முடிந்தது" என்று தேதியைப் போட்டுவிட்டுத் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடும். நினைவகத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. ஒரே மூச்சில் எடுத்த டார் என்றால் ஃபோல்டர், அதன் உள்ளடக்கம், அடுத்த ஃபோல்டர் என்றுதான் வரிசை இருக்கும், சிக்கல் வராது.

உங்கள் பேக்கப் எப்படி எடுக்கப்பட்டது தம்பி? தினமும் அதே டாரில் சேர்த்துக்கொண்டே போனீர்களா?

ஒளிச்சட்டம்

ஆமாண்ணே. மார்ச் 1 அன்று முழுசாக ஒரு டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அன்றைக்கு வந்த ஃபைல்களை ஃபைண்ட் என்ற தேடும் கட்டளை மூலம் பொறுக்கி அதே டாரின் கடைசியில் அப்பெண்டு செய்வேன். படங்களைச் சுருக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால் ஜிஜிப் போடவில்லை, அதனால் அப்பெண்டு வசதியாக இருந்தது.

கட்டளைவரி

அதேதான். உங்கள் டாரின் பட்டியலை எடுத்து, தேதி தப்பாக இருக்கும் ஃபோல்டர் ஒன்றின் பெயரைத் தேடிப் போடுங்கள்.

ஒளிச்சட்டம்

பெயரும் தேதியும் மட்டும் தருகிறேன்:

> ஆல்பம்/மணிவிழா_கோட்டையூர்/ … 2024-02-27 19:05
> ஆல்பம்/மணிவிழா_கோட்டையூர்/படம்_0001 … 2024-02-25 06:48
> (இன்னும் 410 படங்கள்)
> ஆல்பம்/காதுகுத்து_கண்டனூர்/ … 2024-02-29 11:32
> (நடுவில் ஆயிரக்கணக்கான வரிகள்)
> ஆல்பம்/மணிவிழா_கோட்டையூர்/படம்_0412 … 2024-03-09 18:42

கடைசி வரி மார்ச் 9 ராத்திரி அப்பெண்டு ஆனது.

கட்டளைவரி

கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். டார் காதுகுத்துக்கு வந்ததும் மணிவிழா முடிந்தது என்று எண்ணி பிப்ரவரி 27-ஐப் போட்டுவிட்டது. ஆயிரக்கணக்கான வரி தாண்டி 0412 வந்தது. அதை உள்ளே வைத்ததும் ஃபோல்டரின் தேதி இன்றையதாகிவிட்டது. அப்புறம் அந்த ஃபோல்டரை டார் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதற்கென்றே குனு டாரில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது: --டிலே-டைரக்டரி-ரீஸ்டோர். எல்லா ஃபோல்டர்களின் தேதியையும் அனுமதியையும் மொத்த ரீஸ்டோரும் முடிந்த பிறகே போடும். வேறொரு இடத்தில் இந்த ஆப்ஷனோடு மறுபடி எடுத்துப் பாருங்கள். டார் அப்படியே இருப்பதால் எதுவும் தொலைந்துபோகவில்லை.

தென்றல்77

குறுக்கே வருகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஃபோல்டர் தேதியை நம்பி ஒரு தொழிலை நடத்துவதே சரியா? பெயரிலேயே தேதியைப் போட்டுவிட்டால் இவ்வளவு பாடு தேவையில்லையே. பேக்கப்பின் வேலை உள்ளடக்கத்தைக் காப்பாற்றுவது. அது நடந்திருக்கிறது.

ஒளிச்சட்டம்

பெயரில் போடுவது விசேஷ நாள். ஃபோல்டர் காட்டுவது கடைசியாகக் கைவைத்த நாள். இரண்டும் வேறு. கையால் தேதி எழுதி வைக்கச் சொல்லலாம்தான், ஆனால் முகூர்த்த மாதத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது யார் எழுதுவார்கள்?

அஞ்சல்பெட்டி

தென்றல்77, உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதர்கள் மட்டுமா அந்தத் தேதியைப் பார்க்கிறார்கள்? நான் மெயில் சர்வர் பார்க்கிறேன். மெயில்டிர் (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்) முறையில் டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள், 'நியூ', 'கர்' என்ற இரண்டு ஃபோல்டர்களின் எம்டைமைப் பார்த்துத்தான் உள்ளே மாற்றம் உண்டா என்று முடிவு செய்கிறது. அது மாறியிருந்தால் பட்டியலை மறுபடி படிக்கும். ஆயிரம் பெட்டிகளை ரீஸ்டோர் செய்து எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி விழுந்தால், காலையில் எல்லாரும் உள்ளே வரும்போது டிஸ்க் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளிலும் இதே கதை உண்டு. கணக்கில் சேராத ஃபைல்களை வேகமாகக் கண்டுபிடிக்க அது வைத்திருக்கும் கேஷ் (வேகத்துக்காக முன்பே எடுத்து வைத்த பதிவு), ஃபோல்டர் எம்டைமை நம்பித்தான் ஓடுகிறது. உங்கள் ஃபைல் சிஸ்டத்தில் அந்த எம்டைம் ஒழுங்காக மாறுகிறதா என்று சோதிப்பதற்கே கிட்டில் தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். எழுத்துருக்களின் கேஷும் ஃபோல்டர் தேதியைத்தான் ஒப்பிடுகிறது. உள்ளடக்கம், பெயர், அனுமதி, நேரம் நான்கும் திரும்பி வந்தால்தான் நான் அதை ரீஸ்டோர் என்பேன்.

தென்றல்77

மெயில் சர்வர் விஷயம் எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய_டேப்

சிபிஐஓ (டார் மாதிரியே ஃபைல்களைக் கட்டும் பழைய நிரல்) காலத்து ஆள் நான். அப்போது ஃபைண்டில் டெப்த் என்று போட்டு, அந்தப் பட்டியலைத்தான் சிபிஐஓவுக்குக் கொடுப்போம். உள்ளே இருப்பவை முதலில், ஃபோல்டர் கடைசியில் என்று வரிசையே தலைகீழாக வரும். ஃபோல்டரின் முறை வரும்போது உள்ளே எல்லாம் வைத்தாகிவிட்டது, அப்போது போடும் தேதி நிலைக்கும். வரிசையைச் சரியாக வைத்துவிட்டால் மென்பொருள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. டார் வரிசையைத் திருப்பிக்கொண்டது, ஞாபகத்தின் சுமை அதன் தலையில் ஏறியது.

தம்பி ஒளிச்சட்டம், ஒன்று கவனித்தீர்களா? டாரில் மணிவிழா ஃபோல்டருக்குப் பதிவாகியிருக்கும் தேதி பிப்ரவரி 27. ஆனால் மார்ச் 9 அன்று 0412 படம் உள்ளே வந்தது. அப்போது டிஸ்க்கில் ஃபோல்டரின் தேதி மார்ச் 9 ஆகியிருக்கும். நீங்கள் ஃபைலை மட்டும்தானே அப்பெண்டு செய்தீர்கள்? ஃபோல்டரின் புதுத் தேதி டாருக்குள் போகவே இல்லை. கட்டளைவரி சொன்ன ஆப்ஷனைப் போட்டால் பிப்ரவரி 27 வரும். டாரைப் பொறுத்தவரை அது சரி. உங்கள் மச்சானைப் பொறுத்தவரை தப்பு.

கட்டளைவரி

ஐயா சொன்னது முக்கியமானது, நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. இன்னொன்றும் இருக்க வேண்டும். மார்ச் 1-க்குப் பிறகு புதிதாக உருவான ஃபோல்டர்கள் உண்டல்லவா? ஃபைண்டில் ஃபைல்களை மட்டும் பொறுக்கினால் அந்த ஃபோல்டர்களுக்கு டாரில் வரியே இருக்காது. உள்ளே இருக்கும் படத்தை வைப்பதற்காக டார் வழியில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குப் போடுவதற்குத் தேதி ஏது?

ஒளிச்சட்டம்

எண்ணிப் பார்த்துவிட்டேன். 37-ல் 26 ஃபோல்டருக்கு டாரில் வரி இருக்கிறது. அந்த ஆப்ஷனோடு எடுத்தபோது 26-ம் பழைய தேதிக்குப் போய்விட்டன, ஆனால் ஐயா சொன்ன மாதிரி மார்ச் 1-க்கு முந்தைய தேதி. மீதி 11 ஃபோல்டருக்கு வரியே இல்லை. அவை இன்னமும் இன்றைய தேதிதான்.

ஒரு மாதம் முழுக்க தினமும் பேக்கப் ஓடியது, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. இரண்டு வருடமாக இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் ரீஸ்டோரை ஒருமுறை சோதித்தும் பார்த்தேன் என்பதுதான் மனசைப் போட்டு அரிக்கிறது. ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, நாலு படம் போட்டு, டார் எடுத்து, வேறிடத்தில் விரித்து, டாரின் ஒப்பிடும் ஆப்ஷனால் சரிபார்த்தேன். வேறுபாடு எதுவும் காட்டவில்லை.

வேலாயி

ஒளிச்சட்டம், நான் மென்பொருள் சோதனையில் பத்து வருடமாக இருக்கிறேன். நீங்கள் செய்த சோதனையில் இரண்டு ஓட்டை இருக்கிறது. பலரும் இதே இடத்தில் விழுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஓட்டை: குனு டாரின் ஒப்பிடும் ஆப்ஷன் ஃபைல்களுக்கு அளவு, உள்ளடக்கம், எம்டைம், அனுமதி எல்லாம் பார்க்கும். ஃபோல்டர் என்று வந்தால் அது ஃபோல்டர்தானா, அனுமதி ஒன்றா என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எம்டைமைப் பார்க்காது. அதன் மூலநிரலில் ஃபோல்டரை ஒப்பிடும் பகுதி சில வரிகள்தான், நேரம் பற்றிய பேச்சே அங்கே கிடையாது. டிஃப் (இரண்டு ஃபைல்களின் வேறுபாட்டைக் காட்டும் கட்டளை), செக்சம் இரண்டும் உள்ளடக்கத்தை மட்டுமே பார்ப்பவை.

இரண்டாவது: அப்போதுதான் உண்டாக்கிய ஃபோல்டருக்கு இப்போதைய நேரம். தவறாக ரீஸ்டோர் ஆன ஃபோல்டருக்கும் இப்போதைய நேரம். நிமிடம் வரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தோற்க வழியே இல்லாத சோதனை அது.

நான் செய்யும் முறை இது. ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் முழுவதும் உண்டாக்கி முடித்த பிறகு, டச் கட்டளையால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பழைய நேரத்தைப் போடுவேன். எனக்குப் பிடித்தது யுனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடி) 1000000001. நம்மூர் நேரப்படி 2001 செப்டம்பர் 9, காலை 7:16:41. அடுத்த ஃபோல்டருக்கு 1000000003, அதற்கடுத்தது 1000000005. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் போட்டால் ஒன்றின் தேதி இன்னொன்றுக்குப் போய்விட்டாலும் தெரியாது. ஒற்றைப்படை வினாடி எதற்கென்றால், ஜிப்பின் அடிப்படை நேரப் புலம் இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் நகரும். 41 என்று கொடுத்தது 40 என்றோ 42 என்றோ திரும்பினால் கூடுதல் நேரப் புலம் சேரவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே இருக்கும் உள் ஃபோல்டருக்கு டச் போட்டால் வெளி ஃபோல்டரின் எம்டைம் மாறாது, பெயர்ப்பட்டியலில் மாற்றம் இல்லையே. அதனால் டச் போடும் வரிசை முக்கியமில்லை. எல்லாவற்றையும் உண்டாக்கி முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஃபைண்டில் ஃபோல்டர்களை மட்டும் எடுத்து, எம்டைமும் பாதையும் ஒரு வரியாக அச்சிட்டு, வரிசைப்படுத்தி ஒரு ஃபைலில் வைப்பேன். ரீஸ்டோருக்குப் பிறகு அதே பட்டியல் இன்னொரு ஃபைலில். இரண்டுக்கும் டிஃப்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரத்தைத் திரும்பப் போடாதே என்று டாருக்குச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று உண்டு. முதலில் அதைப் போட்டு விரித்து, என் சோதனை தோற்கிறதா என்று பார்ப்பேன். தோற்றால்தான் அந்தச் சோதனையை நம்புவேன்.

ஒளிச்சட்டம்

அக்கா, இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன். என்னென்ன மாதிரியான ஃபோல்டர்களை வைத்துச் சோதிக்க வேண்டும்?

வேலாயி

உங்களைக் கடித்ததைத்தான் முதலில் வைக்க வேண்டும்: இரண்டு ஃபோல்டரை டார் செய்து, முதல் ஃபோல்டரில் ஒரு ஃபைலைச் சேர்த்து அதை மட்டும் அப்பெண்டு செய்தது. அப்புறம் காலி ஃபோல்டர். ஃபைல்களை மட்டும் பொறுக்கும் ஸ்கிரிப்ட் காலி ஃபோல்டரை மொத்தமாக விட்டுவிடும். அப்புறம் எழுத அனுமதியில்லாத ஃபோல்டர். இதை ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓட்டினால் பயனில்லை, ரூட்டை அனுமதி தடுக்காது.

சிம்லிங்க் (வேறொரு பாதையைக் காட்டும் குறுக்குவழி) உள்ள ஃபோல்டர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். முழுப்பாதையையோ, இரட்டைப்புள்ளி வழியாக மேலே ஏறும் பாதையையோ காட்டும் சிம்லிங்க் வந்தால் குனு டார் பாதுகாப்புக்காக முதலில் ஒரு வெற்று ஃபைலை இடம்பிடிக்க வைக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் அதை நீக்கி உண்மையான சிம்லிங்கை வைக்கும். கடைசி நேரத்தில் பெயர்ப்பட்டியல் மாறுகிறது, பார்த்தீர்களா? அப்படிப்பட்ட ஃபோல்டரின் தேதியை அதற்கும் பிறகு போட வேண்டும் என்று டார் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. டாரை விரிக்கச் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் இதில் வழுக்குவார்கள்.

தமிழில் நீளமான பெயர் வைத்த ஃபோல்டரையும் சேருங்கள். பழைய டார் தலைப்பில் பெயருக்கு 100 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், "கி" என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட் போகும். 33 குறியைத் தாண்டினாலே நீள்பெயருக்கான கூடுதல் பதிவு தேவைப்படும். ஸ்டுடியோ ஃபோல்டர்கள் நிச்சயம் தாண்டும்.

பைத்தான்_பாதை

நிரல் எழுதுகிறவர்கள் என்று அக்கா சொன்னதால் ஒரு தகவல். பைத்தான் மொழியின் டார்ஃபைல் நூலகத்தில் எல்லாவற்றையும் விரிக்கும் செயற்கூறு, ஃபோல்டர்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கி, தேதிகளைக் கடைசியில்தான் போடும். கவலையில்லை. ஆனால் ஜிப்புக்கான ஜிப்ஃபைல் நூலகத்தில் விரித்தால் ஃபோல்டர் இருக்கட்டும், ஃபைல்களின் பழைய தேதியும் வராது. நான் இது தெரியாமல் ஒரு வாடிக்கையாளரின் ஆவணங்களை விரித்துக் கொடுத்துவிட்டேன். தேதிகளைக் கையால் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையும் இப்படித்தான். எதுவும் சொல்லாவிட்டால் ஃபோல்டரின் தேதியை நகலெடுக்காது, டிகாப்பி ஆப்ஷனில் நேரத்துக்கான எழுத்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

கட்டளைவரி

இன்னும் இரண்டு சேர்க்கிறேன். குனு டார் தானாக எடுக்கும் வடிவத்தில் முழு வினாடிதான் பதிவாகும். எக்ஸ்டி4 (லினக்ஸின் ஒரு ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்கில் நானோ வினாடி வரை இருக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து ஒப்பிட்டால் எல்லா ஃபோல்டரும் தப்பு என்று வரும், பயந்துவிடாதீர்கள். பின்னமும் வேண்டுமென்றால் டார் எடுக்கும்போதே வடிவத்தைப் போசிக்ஸ் என்று சொல்லிவிடுங்கள். அதில் நேரம் தசமத்தோடு பதிவாகும்.

அடுத்து, ரீஸ்டோர் ஆனதும் ஃபைல் மேனேஜரில் திறந்து பார்த்துவிட்டுச் சோதிக்காதீர்கள். மேக்கில் ஃபைண்டர் தன் குறிப்பு ஃபைலை ஃபோல்டருக்குள் எழுதும். எழுதியதும் எம்டைம் போயிற்று. முதலில் டெர்மினலில் பட்டியல் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

மூல டிஸ்க் கையில் இருந்தால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலும் நல்ல வழி. ஆர்க்கைவ் முறையில், எதையும் மாற்றாமல் என்ன செய்வாய் என்று மட்டும் சொல்லச் சொன்னால், நேரம் மட்டும் வேறுபடும் ஃபோல்டர்களையும் வரிவரியாகக் காட்டும்.

ஒளிச்சட்டம்

மூல டிஸ்க்தான் போய்விட்டதே அண்ணே. அந்த 37-க்கும் என்ன செய்வது? உள்ளே இருப்பதில் புதிய படத்தின் தேதியை எடுத்து ஃபோல்டருக்குப் போட்டுவிடலாமா?

பழைய_டேப்

அவசரப்பட வேண்டாம். கார்டிலிருந்து நேரத்தோடு நகலெடுத்த படத்துக்கு அது எடுத்த நாள்தான் இருக்கும், ஃபோல்டருக்குள் வந்த நாள் இருக்காது. ஆமாம், உங்கள் ஸ்கிரிப்ட் புதுப் படங்களை எம்டைம் பார்த்தா பொறுக்குகிறது, சிடைம் (இந்த டிஸ்க்கில் ஃபைலோ அதன் விவரமோ கடைசியாக மாறிய நேரம்) பார்த்தா? எம்டைம் என்றால் அப்படி வந்த படங்கள் பேக்கப்புக்கே தப்பியிருக்கும்.

அன்றன்றைக்கு எதை அப்பெண்டு செய்தது என்று ஸ்கிரிப்ட் எங்காவது எழுதி வைத்திருக்கிறதா?

ஒளிச்சட்டம்

சிடைம்தான் ஐயா, நல்லவேளை. லாக் இருக்கிறது! ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு ஃபைல், அன்று சேர்த்த படங்களின் பட்டியலோடு. அது ஸ்கிரிப்ட் ஓடும் தனிப் பெட்டியில் இருந்ததால் தப்பியது.

பழைய_டேப்

அப்படியானால் வழி பிறந்தது. ஒவ்வொரு ஃபோல்டரும் கடைசியாக எந்த ராத்திரியின் லாக்கில் வருகிறது என்று பாருங்கள். அந்த நாளைப் போடுங்கள். மணி நிமிடம் கிடைக்காது, நாள் கிடைக்கும். மச்சானுக்கு அது போதும்.

பேக்கப் முறையையும் மாற்றுங்கள். அப்பெண்டு வேண்டாம். வாரம் ஒரு முழு டார், நடுவில் லிஸ்டட் இன்கிரிமென்டல் (முந்தைய நிலையைக் குறித்து வைத்து, மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும் டார் முறை). அதில் மாறாத ஃபோல்டருக்கும் ஒவ்வொரு முறையும் வரி எழுதப்படும், அன்றைய தேதி தவறாமல் உள்ளே போகும்.

ஒளிச்சட்டம் (மூன்று நாள் கழித்து)

செய்துவிட்டேன். லாக்கிலிருந்து 37 ஃபோல்டருக்கும் நாள் எடுத்து டச் போட்டாயிற்று. மணிவிழா_கோட்டையூர் இப்போது மார்ச் 9-ல் நிற்கிறது.

வேலாயி அக்கா சொன்ன சோதனையை ஸ்கிரிப்டாக எழுதினேன். பழைய முறையை அதில் ஓட்டியபோது அப்பெண்டு ஃபோல்டர், காலி ஃபோல்டர், முழு டாருக்குப் பிறகு முளைத்த புது ஃபோல்டர் மூன்றும் தோற்றன. அந்த மூன்று வரியையும் திரையில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, இரண்டு வருடமாக இதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்று. புது முறையில் எல்லாம் தேறின. நேரத்தைப் போடாதே என்று சொல்லி ஓட்டியபோது எல்லாமே தோற்றன, அதையும் பார்த்துக்கொண்டேன். இனி முழு டார் எடுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் இது தானாக ஓடும்.

ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் மச்சான் கண்ணுக்கு உறுத்தியது. காதுகுத்து_கண்டனூர். மார்ச் 20 வாக்கில் அதைத் தொட்டதாகச் சொல்கிறார். லாக்கில் அதன் பெயரே இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அன்று படம் எதுவும் சேர்க்கவில்லை, கண் மூடியிருந்த ஆறு படங்களை அழித்திருக்கிறார். அவை டாரிலிருந்து திரும்பி வந்து உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

பழைய_டேப்

அழித்தது அப்பெண்டு டாரில் பதியாது தம்பி. இன்கிரிமென்டலில் ஃபோல்டரின் வரியோடு அன்றைய பெயர்ப்பட்டியலும் போகும், இனி அந்தக் குறை இல்லை. இப்போதைக்கு அந்த ஆறையும் மச்சானையே அழிக்கச் சொல்லுங்கள், அதன்பிறகு மார்ச் 20 என்று டச் போடுங்கள். முதலில் போட்டுவிட்டு அழித்தால் மறுபடி இன்றைய தேதி வந்துவிடும்.

ஒளிச்சட்டம்

அழித்தாயிற்று ஐயா. டச்சும் போட்டாயிற்று.